பணி இடைவெளி என்று எதைச் சொல்கிறீர்கள்?

விண்ணப்பப் படிவத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. பணி இடைவெளி ஏதேனும் இருப்பின் அதன் காலத்தையும் காரணத்தையும் குறிப்பிடவும் என்று கேட்டது. நான் முனைவர் பட்டம் வாங்கியதற்கும், இப்போது அரசுக் கல்லூரி ஒன்றில் பார்க்கும் கௌரவ விரிவுரையாளர் வேலைக்கும் நடுவில் 11 ஆண்டுகள் இருக்கின்றன. அந்த 11 ஆண்டுகளும் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில், என் கணவர் பேராசிரியராக இருந்த அதே துறையில், தினமும் காலை 9 மணிக்கு ஆய்வகத்துக்குள் நுழைந்தேன். ரியாக்‌ஷன் போட்டேன், குடுவைகளைக் கழுவினேன், இருட்டும்வரை நின்று காலம் ஓட்டினேன். காலம் ஓட்டுவது என்றால் என்னவென்று கரிம வேதியியல் படித்தவர்களுக்குத் தெரியும். நீளமான கண்ணாடிக் குழாயில் சிலிக்காவை நிரப்பி, கலவையை மேலே ஏற்றி, வேண்டிய பொருளைச் சொட்டுச் சொட்டாகப் பிரித்தெடுப்பது. தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு என்பதை அந்தப் படிவம்தான் எனக்கு நினைவுபடுத்தியது.

படிவத்தைச் சரிபார்த்த அலுவலர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். "மேடம், புராஜெக்ட், ஃபெலோஷிப், தற்காலிகம் இதெல்லாம் பணியில வராது. நியமன ஆணை இருக்கா? இல்லேன்னா இடைவெளின்னே போட்டுடுங்க. காரணம்ங்கிற இடத்துல குடும்பச் சூழல்னு எழுதுங்க. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க" என்றார். கனிவாகத்தான் சொன்னார். அந்த "எல்லாரும்" என்ற சொல்லுக்குள் ஓர் ஆண்கூட இருந்திருக்க மாட்டார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று இரவு படிவத்தை மேசையில் வைத்துவிட்டு, தர்ஷன் ரங்கநாதனுடைய வாழ்க்கையை அந்தக் கட்டங்களுக்குள் நிரப்பிப் பார்த்தேன். இந்தக் கட்டுரை அப்படித் தொடங்கியதுதான்.

முதல் இரண்டு பக்கங்கள் எளிதாக நிரம்பின. பிறப்பு 1941 ஜூன் 4, டெல்லி. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் டி.ஆர். சேஷாத்ரியிடம் ஆய்வு செய்து 1967-ல் முனைவர் பட்டம். தாவர நிறமிகளின் வேதியியலில் சேஷாத்ரி பெரிய பெயர். அவரிடம் ஆய்வு செய்வது என்பதே ஒரு தகுதி. மிராண்டா ஹவுஸ் மகளிர் கல்லூரியில் விரிவுரையாளர், பிறகு அங்கேயே வேதியியல் துறைத் தலைவர். 1851-ம் ஆண்டுக் கண்காட்சிக்கான பிரிட்டிஷ் அரச ஆணையம் வழங்கும் உயர் ஆய்வுதவி பெற்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டி.எச்.ஆர். பார்ட்டனிடம் ஆய்வு. அந்தப் பார்ட்டனுக்கு 1969-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. 30 வயதுகூட ஆகாத ஒரு பெண்ணின் பட்டியல் இது. இதே பட்டியலோடு ஓர் ஆண் லண்டனிலிருந்து திரும்பியிருந்தால் எந்த நிறுவனத்தில் சேர்வது என்பதுதான் அவருடைய சிக்கலாக இருந்திருக்கும்.

1970-ல் தர்ஷன் திருமணம் செய்துகொண்டார். கணவர் எஸ். ரங்கநாதனும் கரிம வேதியியலாளர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஆசிரியர். தர்ஷன் கான்பூருக்குப் போனார். படிவத்தின் மூன்றாம் பக்கம் அங்கேதான் வெறுமையாகத் தொடங்குகிறது. கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் ஆசிரியர்களாக இருக்கக் கூடாது என்ற எழுதப்படாத விதி அவரைத் தடுத்தது என்று அவரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகள் எல்லாம் சொல்கின்றன. 20 ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அந்த வளாகத்தில் ஆய்வு செய்தார். ஆய்வுதவித் தொகைகளை நம்பி, ஒன்று முடிந்தால் அடுத்தது என்று செய்தார். முறையான ஆசிரியப் பதவி அவருக்கு அங்கே கிடைக்கவில்லை.

எழுதப்படாத விதி. வாழ்க்கைக் குறிப்புகள் இந்தச் சொற்களை ஏதோ கான்பூரின் வெயிலைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டுக் கடந்துபோகின்றன. எழுதப்படாத ஒன்றை எப்படி விதி என்று அழைக்கிறோம்? எழுதியிருந்தால் அதில் ஒரு கையெழுத்து இருக்கும், தேதி இருக்கும். நீதிமன்றத்துக்கு எடுத்துப் போகலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்கலாம். எழுதாமல் விட்டால் இது எதுவும் முடியாது. தடுத்தவர் யார் என்று கேட்டால் எல்லோரும் கையை விரித்துக்காட்டலாம். ஒரு விதியை எழுதாமல் வைத்திருப்பது மறதியால் நடப்பதில்லை. அதை எழுதினால் வெட்கக்கேடு என்று தெரிந்தவர்கள்தான் எழுதாமல் வைத்திருக்கிறார்கள்.

இதற்குச் சொல்லப்படும் நியாயம் நமக்குப் பழக்கமானது. உறவினருக்குச் சலுகை காட்டுவதைத் தடுக்கிறோம் என்பார்கள். நல்லது, தடுக்கத்தான் வேண்டும். ஆனால் எந்த உறவை? நம் பல்கலைக்கழகத் துறைகளுக்குள் போய்ப் பாருங்கள். ஒரே வழிகாட்டியின் மாணவர், அந்த மாணவரின் மாணவர் என்று மூன்று தலைமுறை ஒரே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கும். அதை மரபு என்று பெருமையாகச் சொல்வார்கள். ஒரே சாதியின் பெயர்கள் வரிசையாகக் கதவுகளில் தொங்கும். அதற்குத் தகுதி என்று பெயர். மாமனும் மருமகனும் ஒரே பல்கலைக்கழகத்தின் இரண்டு துறைகளில் இருந்தால் கல்விக் குடும்பம் என்பார்கள். கணவனும் மனைவியும் விண்ணப்பித்தால் மட்டும் திடீரென்று எல்லோருக்கும் நேர்மை ஞாபகம் வந்துவிடும்.

விதியின் சொற்களில் பாலினம் கிடையாது. கணவன், மனைவி இருவரையும் அது சமமாகவே நிறுத்துவதுபோல் தெரியும். நடைமுறையில் வாசலில் நிற்பது யார்? நம் சமூகத்தில் கணவன் மூத்தவன்; அதனால் முதலில் வேலைக்குச் சேர்ந்திருப்பான். திருமணமானால் இடம் மாறுவது மனைவி. அவள் வந்து சேரும்போது நாற்காலி ஏற்கெனவே நிரம்பியிருக்கும். குடும்பம் செய்துவைத்த ஏற்பாட்டை நிறுவனம் அப்படியே எடுத்துக்கொண்டு அதற்குச் சமநீதி என்று பெயரிடுகிறது.

சரி, இடைவெளி என்று படிவம் சொல்லும் அந்த ஆண்டுகளில் தர்ஷன் என்ன செய்தார்?

1972-ல் கணவரோடு சேர்ந்து கரிம வினைவழிமுறைகளின் கடினமான கணக்குகளைத் தொகுத்து 'சேலஞ்சிங் பிராப்ளம்ஸ் இன் ஆர்கானிக் ரியாக்‌ஷன் மெக்கானிசம்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். 1976-ல் 'ஆர்ட் இன் பயோசிந்தசிஸ்'. 1980-ல் முதல் நூலின் தொடர்ச்சி. அட்டையில் இரண்டு பெயர்களும் இருந்தன. ஒரு பதிப்பகத்தால் இந்தத் தம்பதியை ஒரே அட்டையில் போட முடிந்தது. ஒரு நிறுவனத்தால் இவர்களை ஒரே சம்பளப் பட்டியலில் போட முடியவில்லை.

நைட்ரோஎத்திலீன் என்ற சிறிய, துறுதுறுப்பான மூலக்கூறைக் கரிமத் தொகுப்பில் நம்பிப் பயன்படுத்தலாம் என்று காட்டிய ஆய்வில் அவருக்குப் பங்குண்டு. ஆனால் அவருடைய மனம் அதிகமாக ஓடியது உயிருள்ள உடல் செய்வதைக் குடுவைக்குள் செய்து பார்ப்பதில்தான். நாம் உண்ணும் பருப்பும் மீனும் உடலில் சிதையும்போது அம்மோனியா உண்டாகிறது. அது நஞ்சு. கல்லீரல் அதை ஒரு சுழற்சி வழியாக யூரியாவாக மாற்றி வெளியே அனுப்புகிறது. ஹான்ஸ் கிரெப்ஸும் கர்ட் ஹென்சலைட்டும் 1932-ல் விவரித்த சுழற்சி அது. நொதிகள் இழுத்துக்கொண்டு போகும் அந்த வேலையை, நொதிகள் இல்லாமல் ஆய்வகத்தில் செயற்கையாக நிகழ்த்திக் காட்டினார் தர்ஷன். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் உயிர்நாடியான இமிடசோல் வளையத்தைத் தொடர்ந்து உருவாக்கும் ஒரு வழியையும் வகுத்தார்.

பிறகு புரதங்களின் மடிப்புக்கு வந்தார். சிஸ்டின் என்ற அமினோ அமிலத்தில் இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்து ஒரு பாலமாக நிற்கும். நம் தலைமுடியின் உறுதிக்குக் காரணமான பாலம் அது. அந்தச் சிஸ்டினை வைத்து அவர் வளையங்களைக் கட்டினார். வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தாமே அடுங்கி, உள்ளே கூடான நுண்குழாய்களாக நின்றன. அவற்றை நிறுத்தியவை ஹைட்ரஜன் பிணைப்புகள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் வலுவற்ற பிணைப்பு. வளையத்தை எப்படி வடிவமைத்தால் அவை வரிசையாக அமைந்து முழுக் குழாயையும் தாங்கும் என்று முன்கூட்டியே கணித்துச் செய்வதில் இருக்கிறது திறமை. நானோ என்ற சொல் நம் ஊர் விளம்பரங்களுக்கு வருவதற்கு முன்பே அவர் இதைச் செய்துகொண்டிருந்தார்.

நான் இவற்றை விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெண் அறிவியலாளர்களைப் பற்றிய கட்டுரைகளில் அவர்கள் பட்ட கஷ்டம் முழுமையாக இருக்கும், அவர்கள் செய்த வேதியியல் இருக்காது. புடவை கட்டினார், பிள்ளையை வளர்த்தார், சமையலும் செய்தார் என்று மூன்று பத்தி. ஆய்வுக்கு அரை வரி. ஒரு பெண்ணின் உழைப்பைப் படிவம் இடைவெளி என்கிறது. அவளைப் பாராட்ட வந்த கட்டுரையும் அந்த உழைப்பைத் தாண்டிக் குதித்துவிடுகிறது.

தர்ஷன் உருவாக்கிய மூலக்கூறுகளின் படிகங்களை எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்து அவற்றின் உருவத்தைக் கண்டுசொன்னவர் வாஷிங்டனில் இருந்த அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் இசபெல்லா கார்ல். அந்தப் பெயரையும் நான் இங்கே நிறுத்திப் பார்க்கிறேன். இசபெல்லாவும் அவர் கணவர் ஜெரோமும் 1946 முதல் அதே ஆய்வகத்தில் சம்பளம் வாங்கி வேலை செய்தார்கள். 2009-ல் சேர்ந்தே ஓய்வு பெற்றார்கள். அதனால் எந்த ஆய்வகமும் இடிந்து விழவில்லை. ஆனால் அந்தக் கதையும் அங்கே இனிதாக முடியவில்லை. படிக அமைப்பைக் கண்டறியும் கணித முறைக்காக 1985-ல் ஜெரோமுக்கும் ஹெர்பர்ட் ஹாப்ட்மனுக்கும் நோபல் கிடைத்தது. அந்தக் கணிதத்தை உண்மையான மூலக்கூறுகளுக்குப் பயன்படும் முறையாக மாற்றிக்காட்டிய இசபெல்லாவின் பெயர் அதில் இல்லை. கான்பூரில் பதவி மறுக்கப்பட்டவரும், பரிசில் விடுபட்டவரும் ஒரே ஆய்வுக் கட்டுரையில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டுரைகளை வகுப்பில் எடுக்கும்போது எனக்குக் குரல் கொஞ்சம் மாறிவிடுகிறது.

இந்தியாவின் பிற்போக்குத்தனம் இது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கெர்ட்டி கோரியின் கணவர் கார்ல் 1931-ல் செயின்ட் லூயியில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் துறைத் தலைவராகச் சேர்ந்தார். இருவரும் சேர்ந்தே எல்லா ஆய்வையும் செய்திருந்தும், கெர்ட்டிக்குக் கிடைத்தது மிகக் குறைந்த சம்பளத்தில் ஓர் ஆய்வு உதவிப் பதவி. அவர் முழுப் பேராசிரியர் ஆனது 1947-ல். இருவருக்கும் நோபல் கிடைத்ததும் அதே ஆண்டுதான். மரியா கோப்பர்ட் மேயர் கணவர் வேலை பார்த்த பல்கலைக்கழகங்களில் பல ஆண்டுகள் சம்பளமே இல்லாமல் ஆய்வு செய்தார். முழுநேரச் சம்பளத்தோடு பேராசிரியரானது 1960-ல், 54-ம் வயதில்; மூன்றாவது ஆண்டில் அவருக்கும் நோபல். குடும்பச் சலுகையைத் தடுக்கும் விதிகள் என்றுதான் அங்கேயும் இவற்றுக்குப் பெயர். அவர்கள் அந்த விதிகளைப் பிறகு வெட்கத்தோடு கைவிட்டார்கள். நாம் எழுதவே இல்லாததால் கைவிடவும் முடியவில்லை.

இப்போது கணக்கைப் போடுவோம். வேதியியல்காரி நான், கணக்கு சமனாகாமல் விடமாட்டேன். சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு 45 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. எஸ். ரங்கநாதனுக்கு அது 1977-ல் கிடைத்தது. தர்ஷனுக்கு 45 வயது ஆனது 1986-ல். அவர் அப்போதும் பதவி இல்லாமல் கான்பூரில்தான் இருந்தார். அவருக்கு அந்தப் பரிசு கிடைக்கவே இல்லை. 1993-ல், 52-ம் வயதில், திருவனந்தபுரம் மண்டல ஆராய்ச்சி ஆய்வகத்துக்குப் போனார். 1998-ல் ஹைதராபாத்தில் இந்திய இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனத்தில் சேர்ந்து துணை இயக்குநர் ஆனார். அதற்குள் 1997-ல் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டிருந்தது. 1999-ல் மூன்றாம் உலக அறிவியல் கழகத்தின் வேதியியல் பரிசு. 2001 ஜூன் 4 அன்று, தன் 60-வது பிறந்த நாளில் இறந்தார். கடைசி ஐந்து ஆண்டுகளில் மட்டும் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் முதன்மை இதழில் ஏறத்தாழ ஒரு டஜன் கட்டுரைகள் எழுதியிருந்தார். நோயோடு எழுதியவை அவற்றில் பல.

கான்பூரை விட்ட பிறகு அவருக்குக் கிடைத்தது 8 ஆண்டுகள். அந்த 8 ஆண்டுகளில் இவ்வளவு செய்தார் என்று வியப்பவர்கள், அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் நாம் எவ்வளவு இழந்தோம் என்று கணக்கிடுவதில்லை. தடைகளைத் தாண்டிச் சாதித்தார் என்று எழுதும்போது தடை போட்டவர்களை நாம் விளையாட்டு ஆசிரியர்களாக மாற்றிவிடுகிறோம். ஓடத் தெரிந்தவளின் முன்னால் கட்டையைப் போட்டுவிட்டு, அவள் எவ்வளவு அழகாகத் தாண்டினாள் என்று கைதட்டுவது என்ன நாகரிகம்?

ஏன், அசிமா சாட்டர்ஜி இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறார். 1944-ல் இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அறிவியல் முதுமுனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். கொல்கத்தாவில் புகழ்பெற்ற கைரா பேராசிரியர் இருக்கையில் 20 ஆண்டுகள் இருந்தவர். வலிப்பு நோய்க்கு நம் ஆரைக்கீரையின் இனத்திலிருந்து மருந்து கண்டவர். வேதியியலில் பட்நாகர் பரிசை 1961-ல் பெற்றார். அதே துறையில் அந்தப் பரிசை அடுத்து ஒரு பெண் பெற்றது 2009-ல், சாருசீதா சக்கரவர்த்தி. நடுவில் 48 ஆண்டுகள். இந்த நாட்டின் அத்தனை வேதியியல் துறைகளிலும் 48 ஆண்டுகள் பெண்கள் எல்லோரும் குடும்பச் சூழலில் இருந்தார்களா? ஒரு பெயரை எடுத்துக்காட்டாக நீட்டுகிறவர்கள், அடுத்த பெயர் வர ஏன் அவ்வளவு காலம் ஆனது என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

தர்ஷனின் கணவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர் மனைவியின் அறிவை மதித்தவர். நூல்களிலும் கட்டுரைகளிலும் இணையாக நின்றவர். அவர் மறைந்த அதே ஆண்டு, பெண் அறிவியலாளர்கள் உரையாற்றும் ஒரு நினைவுச் சொற்பொழிவை ஏற்படுத்தினார். அதன் பெயர் பேராசிரியர் தர்ஷன் ரங்கநாதன் நினைவுச் சொற்பொழிவு. கான்பூர் கொடுக்காத பேராசிரியர் என்ற சொல் இறந்த பிறகு அந்தப் பெயரோடு நிலைத்துவிட்டது. நல்ல கணவர்தான். ஆனால் எத்தனை பெண்களின் ஆய்வு வாழ்க்கை நல்ல கணவன் வாய்ப்பதை நம்பி இருக்க வேண்டும்? ஆய்வகத்தில் ஓர் இடமும் ஒரு ஃப்யூம் ஹூடும் கணவனின் பெயரில் கிடைக்கும்வரை அது அவன் கொடுத்தது. அவனுக்கு மனம் மாறினால், மாற்றலானால், இறந்தால், அவள் சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியே வர வேண்டும்.

என் கணவரும் நல்லவர்தான். அதனால்தான் எனக்கு 11 ஆண்டுகள் எதுவும் உறைக்கவில்லை. நிறுவனத்தின் அன்றைய தலைவர் ஒருமுறை தேநீர் நேரத்தில் என்னிடம், "ஒரே வீட்டுக்கு ரெண்டு சம்பளம் எதுக்கும்மா? வேற ஒரு குடும்பம் பிழைக்கட்டுமே" என்றார். நான் சிரித்தேன். என் கணவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. நான் கேட்டது இரண்டாவது சம்பளத்தை இல்லையே, என் முதல் சம்பளத்தை அல்லவா? அதை அவரிடம் நான் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. வேறு ஊரில் ஒரு கல்லூரி வேலைக்கு நேர்காணல் வந்தபோது நானே போகவில்லை. யாரும் தடுக்கவில்லை. எழுதப்படாத விதியின் உச்சகட்ட வெற்றி அதுதான். கடைசியில் அதை நாமே நமக்கு எழுதிக்கொள்கிறோம்.

இதைவிட மோசமான ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி வந்தாள். முனைவர் பட்டம் முடித்தவள், கணவனுக்கு ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்தது. "மேடம், எனக்கு வடக்கே ஒரு இடத்துல ஆஃபர் இருக்கு. போகட்டுமா?" என்று கேட்டாள். "அவர் இருக்கிற இடத்துலயே ஏதாவது ஃபெலோஷிப் கிடைக்குமான்னு பாரும்மா. பிறகு பார்த்துக்கலாம்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அந்தப் "பிறகு" எனக்கு வந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன். அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறத்தான் இதை எழுதுகிறேன்.

இப்போதெல்லாம் அப்படி இல்லை என்பவர்கள் உடனே திட்டங்களின் பட்டியலை எடுப்பார்கள். கணவன் மனைவியை இயன்றவரை ஒரே ஊரில் பணியமர்த்த வேண்டும் என்று மத்திய அரசு 1986-லேயே ஆணையிட்டிருக்கிறது. உண்மை. அது ஏற்கெனவே வேலையில் இருக்கும் இருவருக்கு உதவும். வாசலிலேயே நிறுத்தப்பட்டவளுக்கு அதில் ஒரு வரியும் இல்லை. 2002-03 முதல் அறிவியல் தொழில்நுட்பத் துறை பெண் அறிவியலாளர்களுக்கென்று திட்டம் நடத்துகிறது. இடைவெளிக்குப் பிறகு திரும்பும் பெண்களுக்கு மூன்று ஆண்டுகள் ஆய்வுதவி. நானும் அதுபோன்ற பணத்தில் ஆய்வு செய்தவள்தான், நன்றி மறக்கவில்லை. ஆனால் நான்காவது ஆண்டு என்ன? தர்ஷனுக்கு 1970-களில் கிடைத்ததும் ஆய்வுதவிதான். அன்று கொடுத்த தண்டனையை இன்று சலுகையாக மாற்றி, பெண்கள் முன்னேற்றம் என்று பலகை மாட்டி அதையே கொடுக்கிறீர்கள். ஆணுக்கு வேலை, பெண்ணுக்கு உதவித்தொகை என்ற பிரிவினை அப்படியே இருக்கிறது.

என்ன வேண்டும் என்று கேட்டால், கேட்பதற்குக் கைவசம் பட்டியல் உண்டு. ஒரு நிறுவனம் தம்பதியரை வேலைக்கு எடுப்பதில்லை என்றால் அதைக் கையெழுத்திட்டு எழுதி வெளியிடட்டும். வழக்கு போட எங்களுக்கு வசதியாக இருக்கும். எழுதத் தைரியம் இல்லையென்றால் அதைக் கடைப்பிடிப்பதையும் நிறுத்தட்டும். மனைவி விண்ணப்பித்தால் கணவர் தேர்வுக் குழுவிலிருந்தும் துறைக் கூட்டத்திலிருந்தும் வெளியே போகட்டும். சலுகையைத் தடுக்க அது போதும், அவள் வெளியே போகத் தேவையில்லை. வேலையை நியமன ஆணையைக் கொண்டு அளக்காமல் ஆய்வுக் குறிப்பேடுகளையும் கட்டுரைகளையும் கொண்டு அளக்கட்டும். பரிசுகளுக்கும் பதவிகளுக்கும் வயது வரம்பு வைப்பவர்கள், ஒரு பெண்ணுக்கு முதல் முறையான பதவி எந்த ஆண்டு கிடைத்தது என்பதிலிருந்து எண்ணத் தொடங்கட்டும். இதில் எதற்கும் புதிய பணம் தேவையில்லை. தாளும் பேனாவும் போதும்.

கரிம வேதியியலில் ஒரு பழக்கம் உண்டு. வினையை எழுதும்போது இடப்பக்கம் தொடங்கும் பொருள், வலப்பக்கம் கிடைக்கும் பொருள், நடுவில் அம்புக்குறி. வினையூக்கியின் பெயரை அம்புக்குறிக்கு மேலே சின்ன எழுத்தில் போடுவோம். அது இல்லாமல் வினை நடக்காது. ஆனால் கணக்கில் அது சேராது. என் கணவரின் ஆய்வுக் கட்டுரைகள் சிலவற்றின் நன்றியுரையில் என் பெயர் அப்படி இருக்கிறது. பல வீடுகளில் பல பெயர்கள் அப்படி இருக்கின்றன.

மறுநாள் காலை படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன். பணி இடைவெளி என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தேன். அதற்குக் கீழே, இடம் போதாமல் தனித்தாள் இணைத்து, அந்த 11 ஆண்டுகளில் நான் வெளியிட்ட கட்டுரைகளையும், உருவாக்கிய சேர்மங்களையும், கையில் பிடித்து வேலை கற்றுக்கொடுத்த மாணவர்களின் ஆய்வேடுகளையும் ஆண்டுவாரியாக எழுதியிருந்தேன். அலுவலர் தாளைப் புரட்டிப் பார்த்தார். "இதை ஏத்துக்க மாட்டாங்க மேடம்" என்றார். "ஏத்துக்கலேன்னா ஏன்னு எழுத்துல கொடுக்கச் சொல்லுங்க" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, முத்திரையை எடுத்து, தனித்தாள் உட்பட எல்லாப் பக்கங்களிலும் குத்தினார்.

பதில் இன்னும் வரவில்லை. வந்தால் எழுத்தில்தான் வரும்.